நான்கு சீட்டு, ஒரே உடம்பு: பொது மருத்துவர் எதற்கு?

முழங்கால் வலித்தால் எலும்பு டாக்டர், நெஞ்சு படபடத்தால் இதய டாக்டர், கால் மரத்தால் நரம்பு டாக்டர். தருமபுரியிலிருந்து சேலத்துக்கும் ஓசூரிலிருந்து பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறவர்களில் பலர், யாரிடம் போவது என்பதைத் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் ஏறுகிறார்கள். பொது மருத்துவர் என்றால் காய்ச்சலுக்கும் சளிக்கும் பார்ப்பவர் என்ற எண்ணம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை.

எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மூன்று ஆண்டுகள் எம்.டி. பொது மருத்துவம் படித்தவர்களைத்தான் இங்கே சொல்கிறேன். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல், தொற்றுநோய்கள் எல்லாம் இந்தப் படிப்பில் வரும். நாங்கள் கத்தியைத் தொடுவதில்லை. ஒருவருக்கு மூன்று நோய் இருந்தால் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது எங்கள் வேலை.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் வந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தன. கிட்னி போய்விட்டதோ என்று பயம். பையில் இருப்பதையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னேன். நான்கு சீட்டுகள், எட்டு மாத்திரை அட்டைகள். அவற்றில் ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை; பெயரும் வேறு. திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டுமே ஆம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து. ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கியது, மற்றது டவுனில் எழுதிக் கொடுத்தது. அந்த மருந்தே சிலருக்குக் காலை வீங்க வைக்கும். அளவு கூடினால் வீக்கமும் கூடும். வீக்கத்தைப் பார்த்த இன்னொரு டாக்டர், நீர் பிரிவதற்கு மாத்திரை எழுதியிருந்தார். அதைப் போட்டதும் தலைச்சுற்றல். இதற்கு நடுவே மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக், தினம் ஒன்று. அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். நீர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.8 இருந்தது.

தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சீட்டிலும் பெரிய தப்பில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வேறு இடத்தில் காட்டியது தெரிந்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று அந்த அம்மாவும் மறைத்துவிட்டார். நான் செய்ததில் பெரும்பகுதி நிறுத்தியதுதான்: இரட்டிப்பாக இருந்தது, வலி மாத்திரை, நீர் மாத்திரை. ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது, கிரியேட்டினின் 1.2க்கு இறங்கியது. ஓர் ஊசிகூடப் போடவில்லையே என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு.

வலி மாத்திரை விஷயத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்களுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர்களின் எலும்பில் சேர்ந்தது எளிதில் போவதில்லை. முதுகும் கழுத்தும் விறைத்து, குனிய முடியாமல் வருகிறவர்களுக்கு அதை வாதம் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை ஓடுகிறது. உடம்பில் சேரும் ஃப்ளோரைடைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகம். மாத்திரையால் அது கெட்டால் ஃப்ளோரைடு இன்னும் தேங்கும். எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று கேட்காமல் இந்தப் பகுதியில் முதுகுவலிக்கு மருந்து எழுதக் கூடாது என்பது என் கட்சி. அதேபோல, களி உருண்டையின் அளவைக் கேட்காமல் சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கேழ்வரகு நல்லதுதான், உருண்டை பெரிதானால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

கால் மரத்தல் என்றால் சர்க்கரையால் நரம்பு கெட்டதாக இருக்கலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டு வைட்டமின் பி12 குறைந்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதற்குச் சிகிச்சை சுலபம், கண்டுபிடித்தால்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருவது பெரிய உதவி; பாதியில் மருந்தை விட்டவர்கள் பலர் அதனால் திரும்பி வந்தார்கள். ஆனால் மாத்திரை வருகிறதே என்று சிறுநீரகம், கண், பாதம் இவற்றைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த மூன்றும் பார்த்தாக வேண்டும்.

நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ எங்கள் புறநோயாளிப் பிரிவில் டோக்கன் வாங்கி உட்காராதீர்கள், 108ஐ அழையுங்கள். மற்றவற்றுக்கு, தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இரண்டிலும் பொது மருத்துவப் பிரிவு இருக்கிறது. வரும்போது சீட்டு மட்டும் போதாது; நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்படச் சாப்பிடுவது அத்தனையையும் அட்டையோடு கொண்டுவாருங்கள். டாக்டர் பார்க்கப் போகிறார் என்று அன்று காலை பிரஷர் மாத்திரையைப் போடாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதாக இருந்தாலும் ஒரு வாய் தண்ணீரோடு அதைப் போட்டுக்கொண்டே வரலாம். சர்க்கரை மாத்திரையை மட்டும், ரத்தம் கொடுத்துச் சாப்பிடும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.