கல் முடியும் இடத்தில் கரை ஏன் கரைகிறது?

காசிமேட்டுக்கு வடக்கே வசிக்கும் வாசகர் ஒருவர், தூண்டில் வளைவின் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பின்) ஒரு பக்கத்தில் மணல் சேர, மறுபக்கத்துக் குப்பத்தில் கரை அறுந்துபோவதை முன்கூட்டியே கணக்கிட முடியாதா என்று கேட்டிருக்கிறார். முடியும், ஓரளவுக்குக் கணினிகூட வேண்டாம், தாளும் பேனாவும் போதும்.

சென்னைக் கரையோரம் மணலின் ஆண்டு நிகர நகர்வு வடக்கு நோக்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த துறைமுகம் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடலரிப்பு தொடர்ந்ததும் தெரிந்த கதைதான்.

1956-இல் பெல்னார் கோன்சிதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதைக் கணக்காக்கினார். கரையின் ஒரு துண்டுக்குள் வரும் மணலைவிட வெளியேறும் மணல் அதிகமானால் கரை பின்வாங்கும். அலை கரையோடு கொள்ளும் கோணம் சிறியதாயின் மணலோட்டம் அக்கோணத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். இரண்டையும் இணைத்தால், ஃபூரியே 1822-இல் நூலாக வெளியிட்ட வெப்பக் கடத்தல் சமன்பாடே, வெப்பநிலை நின்ற இடத்தில் கரைக்கோட்டை நிறுத்தியபடி வந்து நிற்கிறது.

அந்தச் சமன்பாடு எல்லாக் கரைக்கும் பொது. இந்தக் கரைக்கு என்ன நேரும் என்பதைத் தீர்மானிப்பவை எல்லை நிபந்தனைகள், அதாவது கரைத்துண்டின் விளிம்புகளில் என்ன நடக்கிறது என்று நாம் இடும் விதிகள். எனக்கு அலுக்காத இடம் இதுதான். தூண்டில் வளைவைத் தாண்டி மணல் போக முடியாது என்றால் அங்கே மணலோட்டம் பூஜ்யம். ஓட்டம் பூஜ்யமாக வேண்டுமென்றால் அலையின் கோணமும் பூஜ்யமாக வேண்டும். ஆகவே கல்லை ஒட்டிய கரைக்கோடு அலைமுகட்டுக்கு இணையாகத் திரும்பியே தீரும். வெகு தொலைவில் கரை அசையாது என்பது இரண்டாவது நிபந்தனை. இவ்விரண்டையும் இட்டுத் தீர்த்தால், கல்லருகே கரை முன்னேறும் தூரம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாக வருகிறது: முதல் ஆண்டில் 10 மீட்டர் என்றால் 20 மீட்டரை எட்ட நான்கு ஆண்டுகள் ஆகும். மணல் கல்லின் நுனியை எட்டியதும் ஓட்டம் பூஜ்யம் என்ற நிபந்தனை காலாவதியாகி, கரை நுனியிலேயே நிற்கும் என்ற புதிய நிபந்தனை வர, மணல் சுற்றிக்கொண்டு வடக்கே கசியத் தொடங்கும்.

அதற்கு முன்புவரை, வடபுறத்திலும் அதே பூஜ்ய ஓட்டம்தான் என்பதால், அங்கே கரை ஏறத்தாழ அதே அளவுக்குப் பின்வாங்குகிறது. உடனே கல் கொட்டிச் சுவர் எழுப்பினால், கரை இந்தக் கோட்டுக்குப் பின்னால் போகக் கூடாது என்று மூன்றாவது நிபந்தனையைச் சேர்க்கிறோம். சுவருக்குப் பின்னாலிருந்து அரிபட்டு வந்திருக்க வேண்டிய மணலும் நின்றுவிடுவதால், அந்தப் பற்றாக்குறை முழுதும் சுவரின் வடக்கு முனைக்கு அப்பால் போய் விடிகிறது. வாசகரின் குப்பம் அங்கேதான் இருக்கிறது.

எண்ணூர் முகத்துவாரத்தில் இந்த வாய்ப்பாடு செல்லாது. ஆற்றுவாய் மணலால் அடைபடுவதும் வெள்ளத்தில் திறப்பதுமாக எல்லையே மாறிக்கொண்டிருப்பதால் அங்கே கணினியில் அமைக்கும் மாதிரிக் கணக்குதான் கைகொடுக்கும். அந்த மாதிரியையும், விடை ஏற்கெனவே தெரிந்த தூண்டில் வளைவுக் கணக்கில் முதலில் சோதிக்காமல் நம்பக் கூடாது. வாய்ப்பாட்டிலுள்ள கரைப்பரவல் கெழுவோ (கரைக்கோட்டின் மாற்றம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைச் சொல்லும் எண்) அலையுயரத்தை மிகக் கூர்மையாகச் சார்ந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் கரையை அளக்காமல் அதன் மதிப்பு கைக்கு வராது என்பதால், கல்லுக்குப் பணம் ஒதுக்கும்போதே அளவைக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.