ஆவணக் காப்பகப் படிப்புக்குப் புலமைப்பரிசில்: மட்டக்களப்பு, அம்பாறை விண்ணப்பங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன

வந்தாறுமூலையிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) கலைப் பட்டம் முடித்துவிட்டு ஆவணக் காப்பகத் துறையில் மேற்படிப்புக்கு உதவி தேடுகிறவர்களின் முதல் சில கிழமைகள் தவறான பட்டியலிலேயே போய்விடுகின்றன. இணையத்தில் தேடினால் முன்னுக்கு வந்து நிற்பது அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கத்தின் பரிசுகள். அவற்றை முதலில் கழித்துவிடுங்கள்.

அந்தச் சங்கத்தின் மொசைக் புலமைப்பரிசில் அறிவிப்பில் 'ஆசியர்' என்ற சொல் இருக்கும். அது அமெரிக்கா, கனடாவுக்குள் வாழும் ஆசியச் சிறுபான்மையினரைக் குறிக்கிறது. அந்த நாடுகளின் பிரசையாக அல்லது நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராக இல்லாவிட்டால் விண்ணப்பமே செல்லாது. ஹாம் புலமைப்பரிசில் 10,000 டொலர். ஆனால் அது அங்கே முதலாம் ஆண்டை முடித்து இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவருக்கானது. முதலாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வழி இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. ஒலிவர் வென்டெல் ஹோம்ஸ் பயண விருது வெளிநாட்டு ஆவணக் காப்பாளருக்கானதுதான். ஆனால் அவர் பயிற்சிக்காக ஏற்கெனவே அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்க வேண்டும். இங்கிருந்து விமானச்சீட்டு எடுக்க அது காசு தராது.

அடுத்த குழப்பம் பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டமும் கலிபோர்னியா பல்கலைக்கழக (லொஸ் ஏஞ்சலிஸ்) நூலகம் நடத்தும் நவீன அழிநிலை ஆவணத் திட்டமும். இவை படிப்புக்கட்டணம் தருவதில்லை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குடும்பம் என்று யாரிடமோ கிடக்கும் ஏடுகளையும் பதிவேடுகளையும் இலக்கமயப்படுத்தத் தரும் மானியங்கள் இவை. மூலப் பிரதி நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1978 சூறாவளியும் 2004 கடற்கோளும் போரும் தின்றது போக மிஞ்சியதைக் காப்பாற்ற நல்ல வழிதான், உங்கள் கல்விக்கு அல்ல. ஆனாலும் அப்படியொரு திட்டத்தில் வேலை செய்தால் அதை அனுபவமாகக் காட்டலாம்.

சர்வதேச ஆவணக் காப்பகப் பேரவையின் புதிய தொழில்வாண்மையாளர் திட்டம் வழிகாட்டலும் மாநாட்டுக்குப் போக உதவியும் தரும், படிப்புச் செலவைத் தராது. தொழிலுக்குப் புதியவர்களுக்கானது என்பதால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் தகுதி போய்விடும்.

உண்மையில் வழிவிடும் கதவுகளில் 'ஆவணக் காப்பகம்' என்று எழுதியிருக்காது. பிரித்தானிய அரசின் செவ்னிங், பிரித்தானியாவில் படிக்க உதவும் பொதுநலவாயப் பகிர்வுப் புலமைப்பரிசில், இந்தியாவின் ஐடெக் (தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம்) ஆகிய மூன்றும்தான் நம்மவர்கள் நேரத்தைச் செலவிடத் தகுந்தவை.

செவ்னிங்குக்கு வேலை அனுபவம் 2,800 மணித்தியாலம். கணக்கில் சறுக்குகிறவர்கள் பகுதிநேரமாக வேலை செய்தவர்களே. நூலகத்திலோ ஓர் ஆவணத் திட்டத்திலோ கிழமைக்கு 20 மணித்தியாலமாக இரண்டு வருடம் (104 கிழமை) வேலை செய்தால் வருவது 2,080 தான். இன்னும் 720 மணித்தியாலம், அதாவது மேலும் 36 கிழமை வேண்டும். இதைப் பார்க்காமல் 'இரண்டு வருடம்' என்று எழுதிவிட்டு, பிறகு கடிதத்தில் மணித்தியாலம் பொருந்தாமல் முழிக்கிறார்கள். தொண்டுப் பணியும் சேரும் என்றாலும், பட்டம் பெற்ற பிறகு செய்ததை மட்டும் வைத்தே 2,800 தேறுமாறு பார்ப்பது பாதுகாப்பு.

அனுபவக் கடிதத்தை வாங்கும்போது 'இவர் எம்மிடம் சிறப்பாகப் பணியாற்றினார்' என்று இரண்டு வரியில் முடிக்க விடாதீர்கள். கடிதத் தலைப்பில் நிறுவனத்தின் முகவரி, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளமா தொண்டா, என்ன வேலை என்பவை இருக்க வேண்டும். வேலையை 'ஆவணப் பணி' என்று மொட்டையாக எழுதாமல், 'பதிவேடுகளைத் தூசு தட்டி அமிலமற்ற உறையில் இட்டது, பக்கவாரியாக ஸ்கேன் செய்தது, தலைப்பு, ஆண்டு, உரிமையாளர் விபரத்துடன் பட்டியலிட்டது' என்று எழுதுவியுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, லிவர்பூல் போன்ற இடங்களின் ஆவணக் காப்பகக் கற்கைகள் சேர்க்கையின்போது துறை அனுபவத்தை எதிர்பார்ப்பவை. புலமைப்பரிசிலுக்கும் அனுமதிக்கும் ஒரே கடிதம் உதவும்.

செவ்னிங் தொலைக்கல்விக்கோ பகுதிநேரக் கற்கைக்கோ கிடைக்காது. ஸ்கொட்லாந்தின் டன்டீ பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகக் கற்கை தொலைக்கல்வியில் நடப்பது, அதைத் தெரிவுகளில் ஒன்றாகப் போடுவது ஓர் இடத்தை வீணாக்குவதுதான். மூன்று கற்கைகளைத் தெரிய வேண்டும். முடித்துவிட்டுக் குறைந்தது இரண்டு வருடத்துக்கு நாட்டுக்குத் திரும்பி வர வேண்டும். குடும்ப வருமானத்தை இதில் பார்ப்பதில்லை. ஆகவே இதற்காகக் கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் வருமானச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று அதை எடுத்துவைக்கிறவர்கள் நிறையப் பேர்.

பொதுநலவாயப் பகிர்வுப் புலமைப்பரிசில் வேறு. அது பிரித்தானியாவில் சொந்தச் செலவில் படிக்க முடியாதவருக்கானது. பணக்கார நாடு ஒன்றில் ஒரு கல்வியாண்டோ அதற்கு மேலோ படித்திருந்தால் அல்லது வேலை செய்திருந்தால் தகுதி இல்லை. கட்டாரில் இரண்டு வருடம் காசு சேர்த்துவிட்டு வந்த பட்டதாரிகள் இங்கேதான் அடிபடுகிறார்கள். பட்டம் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்குக் குறையக்கூடாது. அந்த வருடத்துப் பட்டியலில் உள்ள கற்கைகளுக்கு மட்டுமே கொடுப்பார்கள். ஆவணக் காப்பகக் கற்கை அதில் இல்லாவிட்டால் தகவல் முகாமைத்துவம், மரபுரிமைக் கற்கை என்று அடுத்ததைப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம், பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இன்னொன்று. ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் ஆகக் கூடுதலாக நடக்கும் தவறு.

மூன்று வருடப் பொதுப் பட்டக்காரருக்கு ஒரு எச்சரிக்கை: பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் முதுமாணிக்கு நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தைத்தான் கேட்கின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலங்கைக்கான நுழைவுத் தகுதியைத் தேடிப் பாருங்கள். தமிழ் மூலம் படித்தவர் ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வொன்றை எழுதத்தான் வேண்டும். பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லும் என்பதால் அவசரப்பட்டு முந்தி எழுதினாலும் நட்டம்.

ஐடெக் குறுகிய பயிற்சிகளுக்கு. புதுடெல்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணக் காப்பகக் கற்கைப் பள்ளி பேணல், பழுதுபார்த்தல், பதிவேட்டு முகாமைத்துவம் ஆகியவற்றில் பயிற்சி நடத்துகிறது. ஐடெக் ஊடாக இடம் கிடைத்தால் விமானச்சீட்டு, கட்டணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் இந்திய அரசினுடையது. வேலையில் இருப்பவருக்கே ஏற்றது, புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு அல்ல. இணையத்தில் நிரப்பினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அச்செடுத்து, நிறுவனத் தலைவர் தன் பகுதியை நிரப்பிக் கையொப்பமிட்டு, உரிய அமைச்சினூடாகக் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். அந்தத் தாள் ஏதாவது ஒரு மேசையில் தூங்கிவிட்டால் இணையத்தில் நிரப்பியது வெறும் பதிவுதான்.

இந்த மேசைகளின் கதை அரச ஊழியருக்கு நன்றாகத் தெரியும். பிரதேச சபை நூலகர் ஒருவர் வெளிநாடு போக அனுமதி கேட்டால் கோப்பு சபைச் செயலாளரிடமிருந்து உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகத்துக்கும், பிறகு மாகாணத் தலைமையிடமான திருகோணமலைக்கும் போகும். எல்லா இடத்திலும் 'மேலே அனுப்பியாச்சு' என்ற பதில் கிடைக்கும், அனுப்பிய திகதி கிடைக்காது. ஒவ்வொரு இடத்திலும் கடித இலக்கத்தையும் அனுப்பிய திகதியையும் எழுதி வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை. தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம்.

வெளிநாட்டு லீவுக்கான படிவம் பொது 126. இட அனுமதிக் கடிதம் வந்தபிறகு அதைத் தேடத் தொடங்காதீர்கள். நிரந்தர நியமனத்தில் இருந்தும் சேவையில் உறுதிப்படுத்தப்படாதவருக்குக் கற்கை லீவு கிடைப்பது கடினம், ஆகவே உறுதிப்படுத்தல் கடிதம் சுயவிபரக் கோவையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கற்கை லீவுக்குப் பிணைமுறி எழுதக் கேட்பார்கள், பிணையாளிகளும் வேண்டும். கடைசிக் கிழமையில் கேட்டால் சொந்தக்காரரும் பின்வாங்குவார்கள்.

பெயர் விவகாரத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் அதே பெயர் விரிவாக. அம்பாறை முஸ்லிம் மாணவருக்கு 'முகம்மது' ஒரு தாளில் முழுதாகவும் இன்னொன்றில் 'எம்.' என்றும் வரும். பட்டமளிப்புக்கு முன் பல்கலைக்கழகம் பெயரைச் சரிபார்க்கத் தரும் தாளில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஏற்கெனவே அச்சாகியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஆங்கிலத்தில் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் சமாதான நீதவான் முத்திரை மட்டும் இருப்பது சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போதாமல் போகலாம். பெறுபேற்று விபரத்தைப் பரீட்சைக் கிளை முத்திரையிட்ட உறையில் தந்தால் திறக்கக்கூடாது. கையில் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பிரதி கேளுங்கள். பட்டமளிப்பு விழா தாமதமானால் பட்டம் நடைமுறைக்கு வரும் திகதி குறிப்பிட்ட உறுதிக் கடிதம் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

உள்நாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு: களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் விஞ்ஞானத் துறை இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது. மகாபொல புலமைப்பரிசில் இளமாணி மாணவருக்குத்தான். பட்டப்பின் டிப்ளோமாவுக்கு அதை நம்பிக் கொழும்பில் அறை எடுக்க வேண்டாம்.

செவ்னிங்குக்கோ பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கோ ஐடெக்குக்கோ விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இவற்றுக்கென்று காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் முகவர். செவ்னிங் வழக்கமாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடும். இந்தப் பெயர்த் திருத்தத்தையும் அனுபவக் கடிதத்தையும் ஜூனுக்குள் முடித்துவிட்டால் விண்ணப்பம் திறந்திருக்கும் காலத்தில் விண்ணப்பக் கட்டுரை எழுத மட்டுமே நேரம் தேவைப்படும்.