காசு குணமான கதை

மும்பை தாராவியில் சீட்டுப் பிடிக்கும் அண்ணாச்சியைப் பற்றி விசாரித்தால், "நாணயமான ஆளு, தைரியமாச் சேரலாம்" என்பார்கள். பக்கத்துக் கடை மராத்தியருக்கு 'நாணே' என்றால் காசு. தெலுங்கில் 'நாண்யம்' என்றால் தரம். தமிழ் இன்னும் ஒரு படி போய், அதை மனிதரின் குணமாக்கிவிட்டது.

ஒலி ஒத்துப்போகிறதே என்று இதை நாணத்தோடு முடிச்சுப் போடத் தோன்றும். உறவே கிடையாது. வடமொழி 'நாணக'தான் மூலம். வட இந்தியாவை ஆண்ட குஷாண மன்னர்களின் காசுகளில் பொறித்த நானா என்னும் பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து அது வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

சரி, காசு எப்படிக் குணமாயிற்று? அந்தக் காலத்தில் காசின் மதிப்பு அதிலிருந்த உலோகத்தில்தான். 1835-இல் வந்த கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 12-இல் 11 பங்கு வெள்ளி. மும்பை நாணயச் சாலையிலும் அதை அச்சடித்தார்கள். வாங்குபவருக்கு ஒரே கவலை: உள்ளேயும் வெள்ளிதானா?

காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டுவார்கள். நல்ல காசு 'ணங்' என்று இழுத்து ஒலிக்கும். தட்டியதும் அந்த வட்டத் தகடு வளைந்து வளைந்து மீள்கிறது. செம்பு கலந்த வெள்ளி விறைப்பானது. அதிர்வு சட்டென்று அடங்காது. ஈயம் மெத்தென்றது, அதிர்வை உள்ளுக்குள்ளேயே வெப்பமாக்கி விழுங்கிவிடும். அதனால் வெள்ளி முலாம் பூசிய ஈயக் காசு 'டப்' என்று செத்துப்போகும்.

காது மட்டும் போதாது. செம்பும் நன்றாகவே ஒலிக்கும். ஆனால் வெள்ளியின் அடர்த்தி ஏறக்குறைய 10.5, செம்புக்கு 9 கூட இல்லை. அதே அளவில் செய்தால் எடை குறையும். ஈயத்துக்கு 11.3 என்பதால் தராசை ஓரளவு ஏமாற்றலாம், காதை முடியாது. இரண்டு சோதனையிலும் தேறுவது கள்ளக் காசுக்குக் கஷ்டம்.

இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். சங்க காலத்தில் வண்ணக்கர். வடமவண்ணக்கன் தாமோதரனார் என்ற புலவரின் பெயரிலேயே அந்தத் தொழில் இருக்கிறது. பிற்பாடு நோட்டக்காரர். நல்ல காசைக் கள்ளக் காசு என்றோ, கள்ளக் காசை நல்லது என்றோ சொல்லும் பரிசோதகருக்கு யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய வடமொழிச் சட்ட நூல் விதிப்பது உச்சபட்ச அபராதம்.

காசுக்குச் சொன்னதை அப்புறம் அதைக் கொடுப்பவருக்கும் சொல்லத் தொடங்கினார்கள் என்றே எனக்குப் படுகிறது. அதனால்தான் நாணயத்தில் இன்றும் கொடுக்கல் வாங்கல் வாடை அடிக்கிறது. நேர்மை வேறு; நேராக இருப்பது, வளையாதது. பொய் பேசாதவர், லஞ்சம் தொடாதவர், ஆனால் வாங்கிய கடனை இழுத்தடிப்பவர் என்று யாராவது இருந்தால், "மனசு சுத்தம், ஆனா பண விஷயத்துல நாணயம் பத்தாது" என்று தயங்காமல் சொல்லிவிடுவோம்.