ஆல் வீல் டிரைவ் என்றால் ‘நான்கு சக்கர வாகனம்’ அல்ல

போன வாரம் மறுபடியும் அதே தப்பைக் கேட்டேன். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கத்திலிருந்து தாஹோ ஏரிக்குப் பனிக்காலத்தில் காரில் எப்படிப் போவது என்று தமிழில் சொல்லும் ஒரு காணொளி. சியரா நெவாடா மலை, டானர் கணவாய், ஏழாயிரம் அடிக்கு மேல் ஏறும் சாலை எல்லாம் சரியாகத்தான் சொன்னார். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் சங்கிலி மாட்டும் விதிக்கு வந்ததும், “நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்குச் சங்கிலி தேவையில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்கு சக்கர வாகனம் என்றால் தமிழில் என்ன பொருள்? கல்யாண மண்டப வாசலில் இருக்கும் பலகையைப் பாருங்கள். இருசக்கர வாகனம் இந்தப் பக்கம், நான்கு சக்கர வாகனம் அந்தப் பக்கம். ஆக, எல்லாக் காருமே நான்கு சக்கர வாகனம்தான். அப்படியென்றால் அந்த மலையில் யாருக்குத்தான் சங்கிலி வேண்டும்? அவர் சொல்ல வந்தது ‘ஆல் வீல் டிரைவ்’, அதாவது எஞ்சினின் விசை நான்கு சக்கரத்துக்கும் போகிற வண்டி.

என் மச்சான் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற கார், டயரோ சாதாரண டயர். நம்முடையது நாலு சக்கர வண்டிதானே என்று அக்காவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு 80ஆம் எண் நெடுஞ்சாலையில் கிளம்பிவிட்டார். சோதனை நடக்கும் இடத்தில் ஆரஞ்சு கோட்டு போட்டவர் குனிந்து டயரின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் இருக்கிற அடையாளமோ, எம், எஸ் என்ற எழுத்துகளோ இருக்கிறதா என்றுதான் அவர் தேடியது; பனி டயருக்கு அதுதான் அடையாளம். இரண்டும் இல்லை. அப்புறம் எந்தச் சக்கரத்துக்கு விசை போகிறது என்று கேட்டார். அவ்வளவுதான், சங்கிலி வாங்கி மாட்டு, இல்லையென்றால் திரும்பிப் போ. குழந்தை பின்சீட்டில் அழுதுகொண்டிருக்க, மச்சான் பனிச்சேற்றில் முட்டி போட்டு, விரல் மரத்துப்போய், வாழ்க்கையில் முதல்முறையாக டயர் சங்கிலி மாட்டினார்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்து ‘டிரைவ்’ முதலில் ஆடுமாடுகளை விரட்டிக்கொண்டு போவதைக் குறித்த வினை. நம் ‘ஓட்டு’ம் அப்படித்தான்: மாடு ஓட்டினோம், ஏர் ஓட்டினோம், பிறகு வண்டி ஓட்டினோம். அதுவரை இரண்டும் ஒரே வழியில் வந்தன. இயந்திரம் வந்தபோது ஆங்கிலச் சொல் இன்னொரு கிளை விட்டது. எஞ்சினில் பிறக்கும் விசை எந்தப் பாகத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கும் டிரைவ் என்றே சொன்னார்கள். நம் ‘ஓட்டு’க்கு அந்தக் கிளை முளைக்கவே இல்லை. ஜெர்மன்காரர்கள் வண்டி ஓட்டுவதற்கு ஒரு சொல்லும் விசை கொடுப்பதற்கு ‘அன்ட்ரீப்’ என்று வேறொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். நார்வேக்காரர்கள் இன்னும் நேராக, நாலு சக்கர ‘ட்ரெக்’ என்கிறார்கள். ட்ரெக் என்றால் இழுப்பு.

இனி நம்மவர்கள் செய்த சொற்கள். ‘அனைத்துச் சக்கர ஓட்டி’ என்று ஒரு கார் விளம்பரத்தில் பார்த்தேன். தமிழில் வண்டியோட்டி என்றால் ஆள். படிப்பவர் மனதில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். அடுத்தது ‘அனைத்துச் சக்கர இயக்கி’. கணினிக்காரர்கள் இயக்கியை ‘டிரைவர்’ என்ற மென்பொருளுக்கு எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது; நாகர்கோவில் பக்கம் போய் இயக்கி என்று சொன்னால் கும்பிடுவார்கள், அங்கே அது அம்மன் பெயர். ‘அனைத்துச் சக்கர இயக்கம்’ கொஞ்சம் தேவலாம், ஆனால் எந்தக் காரில்தான் சக்கரம் இயங்காமல் இருக்கிறது? நான்கும் சுற்றத்தான் செய்கின்றன. சுற்றுவது வேறு, விசை வாங்கிச் சுற்றுவது வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இந்தச் சொல்லே வேண்டியிருக்கிறது, அதைக் கோட்டைவிட்ட பிறகு மொழிபெயர்ப்பு எதற்கு?

தூயதமிழ் நண்பர் ஒருவர் ‘அனைத்துருளி உந்து’ என்றார். உந்து நல்ல சொல்தான். ஆனால் பேருந்து, மகிழுந்து, சரக்குந்து என்று சொல்லிச் சொல்லி உந்து என்றாலே வண்டி என்று ஆக்கிவிட்டோம். ‘நாலுருளி உந்து’ என்றால் நான்கு சக்கர வாகனம் என்றுதான் விழும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறோம். புறநானூற்றின் 185ஆம் பாட்டில் வண்டி செலுத்துபவனை ‘உகைப்போன்’ என்று சொல்லியிருப்பதைக் காட்டி ‘உகைப்பு’ என்றும் சொன்னார். அருமையான பாட்டு. செலுத்தத் தெரியாதவன் கையில் வண்டி அள்ளல் சேற்றில் சிக்கும் என்பது அதில் வருகிறது, பனிச்சாலைக்கும் பொருந்தும். ஆனால் அங்கேயும் உகைப்பவன் ஆள்தான், சக்கரம் இல்லை. அதோடு, சங்கிலி மாட்டணுமா வேண்டாமா என்று இருட்டில் பதறுகிறவருக்கு உகைப்பு என்றால் என்ன விளங்கும்? சக்கரம் வடசொல் என்று உருளியைக் கொண்டுவரும் சண்டையும் எனக்கு வேண்டாம். சக்கரம் எல்லோருக்கும் புரிகிறது. ஈழத்தவர் சில்லு என்பார்கள், அதுவும் சரி.

நான் சொல்வது ‘இழுவை’. அனைத்துச் சக்கர இழுவை, முன்சக்கர இழுவை, பின்சக்கர இழுவை. மேட்டில் ஏறும்போது “வண்டி இழுக்க மாட்டேங்குது” என்று சொல்லாத தமிழர் உண்டா? எஞ்சினின் விசை சக்கரத்துக்கு வந்து சேர்வதை நம் ஜனங்கள் இந்த ஒரே வினையால்தான் சொல்கிறார்கள். பின்சக்கரம் தள்ளத்தானே செய்கிறது, இழுக்கவா செய்கிறது என்று கேட்கலாம். பின்சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் லாரியையும் “லோடு நல்லா இழுக்குது” என்றுதான் சொல்கிறோம். வழக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னொரு வண்டியைக் கட்டி இழுப்பதற்கும் இழுவை என்பார்கள், உண்மைதான், ஆனால் முன்னால் ‘சக்கர’ என்று வந்துவிட்டால் அந்தக் குழப்பம் இருக்காது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 4×4 என்று எழுதுவதில் முதல் எண் மொத்தச் சக்கரம், இரண்டாவது எண் விசை வாங்கும் சக்கரம். 4×2 வண்டிக்கும் நாலு சக்கரம்தான். இந்த இரண்டாவது எண்ணைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் விழுங்கிவிடுகிறார்கள். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டுகிறார்களே தவிர, வண்டிக்கடியில் ஒரு தடவை குனிந்து பார்ப்பதில்லை.

ஜீப் மாதிரி வண்டிகளில் கியர் போட்டு முன்னச்சையும் பின்னச்சையும் பூட்டும் முறையை ‘நாற்சக்கர இழுவை’ என்று சொல்லலாம். பூட்டியபடி காய்ந்த தார்ச்சாலையில் வளைத்தால் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், அதனால் தேவைப்படும்போது மட்டும் போடுவார்கள். சுபாரு, ஆடி குவாட்ரோ போன்ற கார்களில் இருப்பது ‘அனைத்துச் சக்கர இழுவை’, ஓட்டுகிறவர் எதையும் பூட்ட வேண்டாம், விசையை வண்டியே பங்கிட்டுக்கொள்ளும். மலையில் மழை, பனி, காய்ந்த ரோடு என்று மாறி மாறி வரும் வழிக்கு இதுதான் வசதி. இழுவை என்ற சொல் இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்கிறது: அது இழுக்கத்தான் உதவும், நிறுத்த உதவாது. இறக்கத்தில் பிரேக் போடும்போது பிடிப்பது டயர்தான்.

அந்தக் காணொளிக்காரர் சொன்னது, பனி கூடக் கூடக் கடுமையாகும் சங்கிலி விதியில் ஆர்-2 என்ற நிலையின் விதி. ஆர்-3 வந்துவிட்டால் விலக்கு யாருக்கும் இல்லை. ஆர்-2ஐத் தமிழில் இப்படிச் சொல்லியிருந்தால் மச்சான் வீட்டிலேயே சங்கிலியை எடுத்து வைத்திருப்பார்: “நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்து, நான்கிலும் பனி டயரும் இருந்தால் சங்கிலி மாட்ட வேண்டாம்; ஆனால் சங்கிலி வண்டியில் இருந்தே ஆக வேண்டும்.”