எல்க்குக்குச் சுட்ட குண்டு கழுகின் வயிற்றுக்கும் போகிறது

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மானுக்கான துப்பாக்கி வேட்டைப் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி, நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையின் வார இறுதியோடு முடியும். நவம்பர் பிறந்ததுமே எங்கள் பறவை சிகிச்சைப் பிரிவுக்குக் கழுகுகள் வர ஆரம்பித்துவிடும். இறக்கை தொங்கிப்போய், கால்விரல்களை இறுக மடக்கிக்கொண்டு, நிற்க முடியாத நிலையில் வரும். பெட்டியில் விரித்த துணியெல்லாம் பச்சை எச்சம். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சிறிய ஈயச் சோதனைக் கருவியில் வைத்தால், பல நேரம் எண்ணே வராது. 'ஹை' என்று மட்டும் காட்டும். டெசிலிட்டருக்கு 65 மைக்ரோகிராமுக்கு மேல் அதால் அளக்க முடியாது. குழந்தைகளின் ரத்தத்தில் 3.5 இருந்தாலே கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கு.

ஈயம் எங்கிருந்து வருகிறது? வேட்டைக்காரர் எல்க்கைச் சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கீறிக் குடலையும் கழிவையும் போட்டுவிட்டு, இறைச்சியை மட்டும் எடுத்துப்போகிறார். ஈயக் குண்டு உடலுக்குள் புகுந்ததும் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். மிச்சத்தைத் தின்ன வரும் பொன்னிறக் கழுகும் வெண்தலைக் கழுகும் அதையும் சேர்த்து விழுங்கும். கழுகின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்கக்கூடியது, ஈயம் எம்மாத்திரம்? அரிசி அளவு துணுக்கு போதும், ஒரு கழுகைச் சாய்க்க. எக்ஸ்ரே எடுக்கும்போது துணுக்கு கண்ணில் படாமலே போவதும் உண்டு. அதற்குள் கரைந்திருக்கும், அல்லது பறவை கக்கியிருக்கும். அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து 2022-ல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு தெரிந்தது.

நான் வேட்டைக்கு எதிரி இல்லை. என் வீட்டிலும் ஒரு .338 வின்செஸ்டர் மேக்னம் வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. பவுடரும் குண்டும் வாங்கித் தோட்டாவை நானே நிரப்பிக்கொள்கிறவன். அதனால்தான் .338, .35 வீலன், 9.3×62, .375 ஹெச் அண்ட் ஹெச் மாதிரி நடுத்தர விட்டக் குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் குறிப்பாகப் பேச நினைக்கிறேன். இவர்களில் பலருக்கு ஒரு நம்பிக்கை: "கனமான குண்டு, நிதானமான வேகம், சிதறாது." 9.3×62-க்கு ஓரளவு பொருந்தலாம். .338 மேக்னத்துக்குப் பொருந்தாது. கிட்டத்தில் நிற்கும் எல்க்கின் தோள் எலும்பில் மோதும்போது சாதாரண ஈயக் குண்டு மூன்றில் ஒரு பங்கு எடையை இழப்பது பெரிய விஷயமே இல்லை. 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) குண்டில் அது ஐந்து கிராமுக்கும் மேல். அரிசி அளவுத் துணுக்கை இதோடு வைத்துப் பாருங்கள்.

விலை கூடிய குண்டு வாங்கினால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். நாஸ்லர் பார்ட்டிஷன் 1948-லிருந்து விற்பனையில் உள்ள அருமையான குண்டு. நடுவே தடுப்புச் சுவர் இருப்பதால் பின்பாதி அப்படியே ஆழமாகப் போகும். ஆனால் முன்பாதி ஈயம் சிதறத்தான் செய்யும். அதன் வடிவமைப்பே அப்படி. வெளியே உள்ள செம்பு உறையோடு ஈயத்தை ஒட்டிய பாண்டட் குண்டுகள் சிதறுவது குறைவு, ஆனால் அதிலும் ஈயம் உண்டு. முழுச் செம்புக் குண்டு இதழ் மாதிரி விரிந்து, பெரும்பாலும் முழு எடையோடு உள்ளேயே கிடக்கும் அல்லது மறுபக்கம் வெளியேறும்.

செம்புக்கு மாறுபவர்கள் தடுமாறும் இடம் எடைத் தேர்வு. ஈயத்தில் 250 கிரெய்ன் பழகியவர் செம்பிலும் 250 தேடுகிறார். தேவையில்லை. செம்பு எடையை இழக்காததால், .338-க்கு 210 அல்லது 225 போதும்; .375-க்கு 300-க்குப் பதில் 250 அல்லது 270. செம்புக் குண்டு விரிய வேகம் வேண்டும். வினாடிக்கு சுமார் 2,000 அடிக்குக் கீழே வேகம் இறங்கும் தூரத்தில் பல செம்புக் குண்டுகள் ஒழுங்காக விரியாமல் ஊசி குத்தின மாதிரி ஊடுருவிப் போய்விடும். விலங்குக்கு அது சித்திரவதை. ஆகவே குண்டைத் தயாரித்தவர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்து, உங்கள் தூர எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நீளம். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9-க்கும் கீழே. ஒரே எடை என்றால் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். நீளக் குண்டு நிலையாகச் சுழல, குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்களின் முறுக்கு வேகமாக இருக்க வேண்டும். பழைய .35 வீலன் துப்பாக்கிகள் சிலவற்றில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அதில் கனமான செம்புக் குண்டு இலக்கில் பக்கவாட்டாக ஓட்டை போட்டால் ஆச்சரியப்படாதீர்கள். 180 அல்லது 200 கிரெய்ன் எடுத்துப் பாருங்கள்.

நீளத்தால் வரும் உண்மையான ஆபத்து அழுத்தம். தோட்டாவின் மொத்த நீளத்தைக் கூட்ட முடியாது, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இடிக்கும். அதனால் குண்டு கேஸுக்குள், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள், ஆழமாக இறங்கி, பவுடருக்கான இடத்தைத் தின்றுவிடுகிறது. ஈயக் குண்டுக்குச் சரியாக இருந்த உச்ச அளவு பவுடரை அதே எடைச் செம்புக் குண்டுக்குப் போடுவது சூதாட்டம். அந்தக் குறிப்பிட்ட குண்டுக்கு, அதே பவுடருக்கு அச்சிட்ட அட்டவணையைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். தொடக்க அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறுங்கள். பவுடரைப் பற்றவைக்கும் ப்ரைமர் மூடி தட்டையாகவில்லை என்பதை வைத்து அழுத்தம் பத்திரம் என்று முடிவு கட்டாதீர்கள். வேகமானியில் எண் அட்டவணையைத் தாண்டினால், பவுடர் அளவு குறைவாகத் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

சமையலறைக்கும் ஒரு வார்த்தை. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அலுவலக நண்பர்கள் மான் இறைச்சி தருவது சகஜம். பெரும்பாலும் அரைத்த இறைச்சி. எந்தக் குண்டால் சுட்டது என்று கேட்பதில் தப்பில்லை. மின்னசோட்டா வனவளத் துறை 2008-ல் செய்த சோதனையில், காயத்திலிருந்து வெகுதூரம் தள்ளியும் ஈயத் துணுக்குகள் கிடைத்தன. கழுவினால் அவை இன்னும் பரவின. நம் ஊர்ப் பக்குவத்தில் புளி, தயிர், எலுமிச்சை இல்லாமல் முடியாது. அந்த அமிலம் ஈயத்தைக் கரைத்துக் குழம்போடு சேர்த்துவிடும். ஈயக் குண்டு என்று தெரிந்தால் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அரிசோனாவில் தடையில்லை, காண்டோர் கழுகு வாழும் பகுதியில் வேட்டையாட வருபவர்களுக்கு வனத்துறையே ஈயமற்ற குண்டுகளை இலவசமாகத் தந்து பழக்கியிருக்கிறது. மற்ற இடங்களில் முடிவு உங்கள் கையில். வீட்டில் ஈயக் குண்டு பெட்டி பெட்டியாக இருந்தால் சுடுதளப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வருஷமும் அதைத்தான் மலைக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால், குடலை மூட்டை கட்டி எடுத்து வாருங்கள். முடியாவிட்டால் நரி தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துக் கல் ஏற்றுங்கள்.