மூளையைக் கணினியிடம் விட்டுவந்த அச்சுப்பொறி

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் என் சித்தியின் மகள், தன் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய அதே வாரத்தில், பாவித்த கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறி ஒன்றையும் மலிவாக வாங்கினாள். வினாத்தாள் ஒன்றை அச்சுக்கு அனுப்பியபோது வேலை நிறைவடைந்துவிட்டதாகக் கணினி அறிவித்தது. பொறியின் பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தாள் மட்டும் தட்டை விட்டு அசையவில்லை. "அண்ணா, இரண்டுமே எல்லாம் சரி என்றுதான் சொல்கின்றன, பிறகு பிழை எங்கே இருக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்வதென்றால், ஒரு லேசர் அச்சுப்பொறி மலிவாவதற்கு அதிலிருந்து எது எடுக்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

லேசர் அச்சு நிலைமின்னியலில் நிற்கும் தொழில்நுட்பம். 1938 இல் நியூயோர்க்கில் செஸ்டர் கார்ல்சன் செய்துகாட்டிய உலர் நகலெடுப்பு முறைதான் காலி வீதியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடைகளில் இன்றும் இயங்குகிறது. மூலத்தாளின் பிம்பத்தை ஒளியுணரும் உருளைமேல் விழச்செய்வதற்குப் பதிலாக லேசர் கதிரால் அதில் நேரடியாக எழுதலாம் என்று 1960களின் இறுதியில் செரொக்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் கேரி ஸ்டார்க்வெதர் கண்டார். கார்ட்ரிஜுக்குள் இருக்கும் அந்த உருளையின் மேற்பூச்சு, இருளில் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஒளி பட்ட இடத்தில் அதை இழந்துவிடும். முதலில் உருளை முழுவதற்கும் சில நூறு வோல்ற் மறையேற்றம் கொடுக்கப்படுகிறது. எழுத்து வரவேண்டிய புள்ளிகளில் மட்டும் லேசர் பட்டு ஏற்றம் வடிகிறது. தானும் மறையேற்றம் கொண்ட டோனர்த் தூள், ஏற்றம் வடிந்த அந்தப் புள்ளிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. தாளின் பின்புறத்திலுள்ள நேரேற்ற உருளை தூளைத் தாளுக்கு இழுக்க, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அந்தத் தூளிலுள்ள பிளாஸ்டிக் உருகித் தாளோடு ஒன்றாகிறது. கடற்காற்றில் ஈரம் குடித்த தாளில் அச்சு மங்குவதும் இதனால்தான்: ஈரத்தாள் மின்னைக் கடத்துவதால் தூளை இழுக்க வேண்டிய ஏற்றம் கசிந்துவிடுகிறது. தாள்கட்டைத் திறந்தபடி யன்னலோரம் வைக்காதீர்கள்.

இதில் ஒரு சிறு அளவு முக்கியமானது. பல சிறிய பொறிகளில் உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். ஏ4 தாளின் நீளமோ 297 மில்லிமீட்டர். ஒரே பக்கம் அச்சாகி முடிவதற்குள் உருளை நான்கு தடவை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் துடைக்கப்பட்டு, மறுபடி ஏற்றம் பெற்று, மறுபடி எழுதப்படுகிறது. (அச்சில் அதே கறுப்புப் புள்ளி 75 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தால் உருளையில் கீறல் விழுந்திருக்கிறது என்று அளவுகோலை வைத்தே சொல்லிவிடலாம்.) ஆகவே முழுப் பக்கத்தையும் உருளை ஒருபோதும் தாங்கி நிற்பதில்லை. தாள் நகரத் தொடங்கிய பின் நடுவில் நின்று அடுத்த வரிக்காகக் காத்திருக்க இந்தப் பொறியால் முடியாது. மைப் பொறி வேண்டுமானால் வரிக்கு வரி நின்று யோசிக்கலாம். லேசர்ப் பொறிக்கு அந்த வசதி இல்லை.

நிற்க முடியாத பொறிக்குப் புள்ளிகள் தாமதமின்றி வந்துசேர வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் ஏ4 பக்கம் அகலத்தில் 4960, உயரத்தில் 7016 புள்ளிகள் கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 3 கோடி 48 இலட்சம். புள்ளிக்கு ஒரு பிட் என்றாலும் 4 மெகாபைட்டுக்கு மேலாகிறது. நிமிடத்துக்கு 15 பக்கம் அச்சிடும் பொறி இத்தனையையும் நான்கு விநாடிக்குள், விநாடிக்கு 1700க்கும் மேற்பட்ட கோடுகளாக எழுதி முடிக்கிறது. இந்தப் புள்ளிப் படத்தை உருவாக்குவது யார் என்பதில்தான் விலையின் இரகசியம் இருக்கிறது.

தொடக்கத்தில் அந்த வேலையைப் பொறியே செய்தது. 1985 இல் வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர், அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட பக்க விவரிப்பை வாங்கி, தானே புள்ளிகளாக மாற்றியது. அதற்காக அதற்குள் 12 மெகாஹேர்ட்ஸ் செயலி வைக்கப்பட்டிருந்தது. அது இணைக்கப்பட்ட மெக்கின்டோஷ் கணினியிலோ 8 மெகாஹேர்ட்ஸ் செயலிதான் இருந்தது. விலை 6,995 அமெரிக்க டொலர். பின்னர் வீட்டுக் கணினிகள் வேகமடைந்தபோது, புள்ளியாக்கும் வேலையைக் கணினியிடம் தள்ளிவிட்டால் பொறியில் பெரிய செயலியும் நினைவகமும் வேண்டியதில்லை என்று உற்பத்தியாளர்கள் கண்டுகொண்டார்கள். அவ்வாறு பிறந்த பொறிகள் பலவற்றின் நினைவகம் வெறும் 2 மெகாபைட். சுருக்காத ஒரு முழுப் பக்கம்கூட அதில் அடங்காது. எனவே கணினி பக்கத்தைப் புள்ளிகளாக்கி, இறுக்கிச் சுருக்கி, பொறிக்கு மட்டும் புரியும் மொழியில் அனுப்ப வேண்டியிருக்கிறது. கெனனின் சிறிய பொறிகளில் பல கேப்ட் என்ற மொழியையும், சாம்சுங் பொறிகளில் பல எஸ்பிஎல் என்ற மொழியையும், எச்பியின் மலிவு மாதிரிகள் சில ஜெட்ஜேஸ்ட்ரீம் என்ற மொழியையும் பேசுகின்றன. இவற்றுக்கான மொழிபெயர்ப்பாளரைத்தான் இயக்கி என்கிறோம். விண்டோசுக்கான இயக்கி பொறியோடு வரும் குறுந்தட்டில் இருக்கும். லினக்ஸுக்கு அது இருக்குமா என்பதே கேள்வி.

லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிப்பது கப்ஸ். மைக்கல் சுவீட் 1990களின் இறுதியில் எழுதத் தொடங்கிய இந்த மென்பொருளை ஆப்பிளும் தன் கணினிகளில் பயன்படுத்துகிறது. அதன் வழியில் "கொழும்பு" என்ற ஒரே சொல்லை அனுப்பிப் பார்ப்போம். யுனிகோடில் முதலெழுத்து ககரமாகவும் அதையடுத்து ஒகரக் குறியாகவும் இரண்டு எண்களாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறியின் ஒரு பாதியை ககரத்தின் முன்னும் மறுபாதியைப் பின்னும் நிறுத்தும் வேலையை, நாம் தட்டச்சுச் செய்யும் மென்பொருளுக்குள்ளிருக்கும் எழுத்துருவாக்கக் கருவி செய்கிறது. அந்த வடிவம் எழுத்துருவோடு சேர்ந்து பிடிஎஃப் ஆகிறது. கப்ஸின் வடிகட்டி அதை வாங்கி, 12 பொயின்ட் அளவு எழுத்தென்றால் எழுத்துச் சதுரத்தின் உயரத்துக்கு 100 அச்சுப்புள்ளி வீதம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக்குகிறது. இயக்கி அதைச் சுருக்கிப் பொறியின் மொழியில் பொதிந்து யூஎஸ்பி வழியே அனுப்புகிறது. பொறிக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. அதற்குக் கிடைப்பது புள்ளிகள் மட்டுமே. மலிவுப் பொறியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: தமிழ் எழுத்துரு பொறிக்குள் இருக்கிறதா என்று கேட்கவே தேவையில்லை. நம் அலுவலகங்களில் இன்னும் உலவும், யுனிகோடுக்கு மாறாத பாமினி எழுத்துருக் கோப்புகள் ஆங்கில எழுத்துக் குவியலாக அச்சாகின்றன என்றால், கணினியில் அந்த எழுத்துரு நிறுவப்படவில்லை என்று பொருள். பொறியைத் திட்டுவதில் நியாயமில்லை.

மலிவுப் பொறிகள் சில இன்னும் ஒருபடி கீழிறங்கி, தம்மை இயக்கும் உள் மென்பொருளான நிலைபொருளைக்கூட நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. மின்னிணைப்புக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் கணினிதான் அதை ஊட்ட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்க, என் பொறியோ ஒவ்வொரு மின்வெட்டுக்கும் எல்லாவற்றையும் மறந்து எழுந்தது. (அதை வீட்டு யூபிஎஸ்ஸில் இணைக்க நினைப்பவர்கள் கவனிக்கவும்: வெப்ப உருளை பல நூறு வாற் இழுப்பதால் சிறிய யூபிஎஸ் தாங்காது.) நிலைபொருள் உற்பத்தியாளரின் உடைமை என்பதால் உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள் பெரும்பாலும் அதைத் தம்மோடு சேர்த்துத் தருவதில்லை, நாமே தனியாக இறக்க வேண்டும்.

சித்தியின் மகளுடைய பொறியிலும் பிழை அங்கேதான் இருந்தது. யூஎஸ்பியில் இணைந்ததும் ஒவ்வொரு அச்சுப்பொறியும் தன் உற்பத்தியாளர், மாதிரி, தான் அறிந்த மொழி ஆகியவற்றை ஒரே வரியில் கணினிக்குச் சொல்லும். அந்த வரியைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். மாதிரியின் பெயர் இருந்தது. நிலைபொருள் பதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கணினி தரவை ஒழுங்காகவே அனுப்பியிருக்கிறது, பொறியும் அதை வாங்கியிருக்கிறது, ஆனால் வாங்கியதை என்ன செய்வதென்று சொல்ல உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. இரண்டும் பொய் சொல்லவில்லை.

அந்தப் பொறிக்கு லினக்ஸ் இயக்கி ஒன்று இருப்பதே பெரிய கொடை. ஜெட்ஜேஸ்ட்ரீம் பொறிகளுக்கு ரிக் ரிச்சர்ட்சனும், பிரதர் பொறிகள் பலவற்றுக்குப் பீட்டர் டி வாக்டரும் திறந்த மூல இயக்கிகளை எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஆவணமில்லாத மொழியைக் கற்கும் வழி பொறுமையைக் கேட்பது: வெற்றுப் பக்கம் ஒன்றை அனுப்பும்போது ஓடும் பைட்டுகளைப் பதிந்து, அடுத்து ஒரே ஒரு கோடுள்ள பக்கத்தை அனுப்பி, இரண்டுக்கும் இடையில் எது மாறியது என்று பார்க்க வேண்டும். கொழும்பில் ஒரு ரியூஷன் ஆசிரியை வினாத்தாள் அச்சிடுவது அத்தகைய உழைப்பின்மேல்தான் நடக்கிறது.

புதிதாக வாங்குபவர்களுக்கு வழி இப்போது எளிது. தனி இயக்கி நிறுவாமலே அச்சிட உதவும் ஏர்பிரின்ட்டை 2010 இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய பின், பொறிகள் பொதுவான மொழி ஒன்றைப் பேசத் தொடங்கின. அத்தகைய பொறியை லினக்ஸ் தனி இயக்கி இல்லாமலே வலையமைப்பில் கண்டுகொள்கிறது. எனவே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேட்கும்போது, லினக்ஸில் ஓடுமா என்று மட்டும் கேட்டால் போதாது. ஏர்பிரின்ட், எச்பியின் பக்க விவரிப்பு மொழியான பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று விவரத்தாளில் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் அந்த ஒரு வரிக்காகக் கொடுக்கலாம் என்பது என் துணிபு.

பாவித்த பொறியோடு இருப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல்தான். சித்தியின் மகள் நிலைபொருள் கோப்பை இறக்கி உரிய இடத்தில் வைத்து, பொறியை அணைத்து மறுபடி போட்டாள். உருளைகள் சற்று நேரம் சுழன்று அடங்கின, அடையாள வரியில் பதிப்பெண் வந்தது, முதல் வினாத்தாள் சூட்டோடு வெளியே வந்தது. இப்போது ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அந்தச் சுழற்சியின் ஒலி கேட்டபின்தான் அச்சிடும் ஆணையைக் கொடுக்கிறாள்.