டிரெய்லர் 2,000 கிலோவைத் தாண்டினால்: ஆஸ்திரேலியாவின் பிரேக் விதி

ஆஸ்திரேலியாவில் யூட் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள பிக்கப் வண்டி) வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது '3,500 கிலோ இழுக்கும்' என்ற வரிதான். அது பிரேக் உள்ள டிரெய்லருக்கான கணக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே யூட்டுக்குப் பெரும்பாலும் 750 கிலோதான். இதைக் கவனிக்காமலே, வண்டியில் மாட்டி இழுத்துப் போகும் பெரிய கேரவனுக்கு முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

விதி பார்ப்பது ஜி.டி.எம். என்ற எடையை. டிரெய்லரை வண்டியில் மாட்டி, முழுச் சுமையும் ஏற்றிய நிலையில், அதன் சக்கரங்கள் வழியாகத் தரையில் இறங்கும் எடை அது. வண்டியின் கொக்கியில் இறங்குவதையும் சேர்த்தால் ஏ.டி.எம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜி.டி.எம். 750 கிலோ வரை, ஒற்றை அச்சு என்றால் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை, குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் இங்கே போதும். அதற்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் என்ற கருவி தேவையில்லை.

2,000 கிலோவைத் தாண்டினால் நிலைமை வேறு. எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே அதை இயக்க வேண்டும். ஓவர்ரன் பிரேக் செல்லாது. போதாததற்கு, டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகவே பிரேக் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடியே நிற்கும் ஏற்பாடும் வேண்டும். இதற்கென டிரெய்லரிலேயே ஒரு சிறு பேட்டரி இருக்கும். அதன் இழுப்புக் கயிற்றை வண்டியில் தனியாக மாட்டுங்கள், பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாதீர்கள். அந்தப் பேட்டரி செத்துக் கிடந்தால் ஏற்பாடு இருந்தும் பயனில்லை. எனவே புறப்படும் முன், அந்தக் கயிற்றின் முனையில் உள்ள பின்னை (pin) உருவி, சக்கரம் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

எலக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லருக்குக் கன்ட்ரோலர் இல்லாமல் முடியாது. பல யூட்களில் அது வாங்கும்போதே வருவதில்லை, தனியாகப் பொருத்த வேண்டும். பரவலாக விற்கும் கன்ட்ரோலர்களில் நான்கு ஒயர்கள் முக்கியம்: கறுப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு, சிவப்பு பிரேக் விளக்கு சுவிட்சுக்கு, நீலம் பின்னால் டிரெய்லருக்கு. ஏழு பின் பிளக்கில் நீலம் 5-வது பின்னில் சேர வேண்டும். பேட்டரிப் பக்கம் சாதாரண ஃபியூஸ் வேண்டாம். அது எரிந்தால் டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை. தானாக மீளும் 30 ஆம்ப் சர்க்யூட் பிரேக்கர்தான் சரி.

எர்த்தையும் நீல ஒயரையும் மெல்லியதாகப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒயர் நீளத்தில் வோல்டேஜ் குறைந்தால் பின் சக்கரங்கள் அரைகுறையாகத்தான் பிடிக்கும். புதிய வண்டிகளில் பிரேக் சிக்னலைத் தப்பான ஒயரிலிருந்து எடுத்தால் வண்டியின் கம்ப்யூட்டர் குழம்பும். அப்படிப்பட்ட வண்டி என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

பொருத்தியாயிற்றா? சரி, ஆளில்லாத சமமான சாலையில் மெதுவாக ஓட்டி, கன்ட்ரோலரின் பட்டனால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் விசையைக் குறையுங்கள். வண்டியைப் பின்னால் இழுப்பதே தெரியவில்லை என்றால் கூட்டுங்கள். சுமை மாறும்போதெல்லாம் இதை மறுபடி செய்ய வேண்டும்.